இரவானால் ஜிபிஎஸ் லாக் போகிறது

திருநெல்வேலி பக்கம் ஒரு 5ஜி சைட் (மொபைல் டவர்), 3.5 கிகாஹெர்ட்ஸ், டிடிடி (ஒரே அலைவரிசையில் அனுப்புவதும் வாங்குவதும் நேரம் பிரித்து நடக்கும் முறை). நேரம் ஒத்துப்போக, எல்1 (ஜிபிஎஸ்ஸின் ஓர் அலைவரிசை) மட்டும் வாங்கும் ஜிபிஎஸ் ரிசீவர், உள்ளே ஓசிஎக்ஸ்ஓ (சூடு மாறாமல் வைத்த படிகக் கடிகாரம்). மார்ச் தொடக்கத்திலிருந்து இரவு எட்டு மணிக்கு மேல் லாக் விட்டு ஹோல்டோவருக்கு, அதாவது ஜிபிஎஸ் இல்லாமல் உள்கடிகாரத்தை மட்டும் நம்பி ஓடும் நிலைக்கு, போகிறது. நள்ளிரவுக்குப் பிறகு தானாகச் சரியாகிறது. சில நாள் ஃபேஸ் பிழை (நேர விலகல்) 1.5 மைக்ரோசெகண்டைத் தாண்டி, பக்கத்து செல்களில் அப்லிங்க் (போனிலிருந்து டவருக்கு வரும் சிக்னல்) இரைச்சல் ஏறிவிடுகிறது. பகலில் 45 டிபி-ஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கும் சிக்னல், அந்த நேரத்தில் மட்டும் பேயாட்டம் ஆடுகிறது.

ஆன்டெனா, கேபிள், சர்ஜ் அரெஸ்டர் எல்லாம் மாற்றியாயிற்று. ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஜாமர் எதுவும் தெரியவில்லை. காந்த நடுக்கோடு இந்தப் பக்கம்தான் போகிறது, அதனால் அயனமண்டல சிண்டிலேஷன் (மேல் வளிமண்டலத்தில் சிக்னல் மினுமினுப்பது) மேல்தான் எனக்குச் சந்தேகம். பிடிபி (நெட்வொர்க் வழியாக நேரம் அனுப்பும் முறை) கொடுக்கலாம் என்றால் அங்கே ஃபைபர் கிடையாது, மைக்ரோவேவ் லிங்க்தான்.

எல்1, எல்5 என இரண்டு அலைவரிசைகளையும் நாவிக்கோடு (இந்தியாவின் சொந்த வழிகாட்டி செயற்கைக்கோள்கள்) சேர்த்து வாங்கும் ரிசீவருக்கு மாறினால் இது நிற்குமா?