பாடசாலைகளின் குளிர்கால விளையாட்டு விடுமுறையில் குடும்பமாக முதற்தடவை பனிச்சறுக்கு: எங்கே, எப்படித் தொடங்குவது?

ஆரேக்கரை எழுதியது:

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நாங்கள் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் குடியேறி 19 வருடங்கள் ஆகின்றன. இத்தனை குளிர்காலங்களில் நானோ கணவரோ ஒரு தடவைகூடச் சறுக்குப்பலகையில் கால் வைத்ததில்லை. 13 வயது மகள் பாடசாலையின் ஸ்கீலாகருக்கு (பனிச்சறுக்கு முகாமுக்கு) இரண்டு தடவை போய் வந்திருக்கிறாள். இலகுவான நீலப் பாதைகளில் பயமின்றி இறங்குகிறாள், சற்றுக் கடினமான சிவப்புப் பாதையிலும் இறங்கத் தொடங்கிவிட்டாள். கடந்த பெப்ரவரியில் அவளுடைய தோழியின் குடும்பத்தோடு ஒரு நாள் மலைக்குப் போனோம். அவர்கள் எல்லோரும் மேலே போய்விட, நாங்கள் இருவரும் 8 வயது மகனோடு உணவகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நான்கு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வரும்போது தொடருந்தில் மகள் தான் இறங்கிய பாதைகளை ஒவ்வொன்றாக விவரித்தாள். அதில் பாதி எங்களுக்கு விளங்கவில்லை. அவளுடைய சந்தோசத்தில் எங்களுக்குப் பங்கில்லாமல் போனது எனக்கு மிகவும் கவலையாக இருந்தது.

வரும் பெப்ரவரியில் கணவருக்கு உணவக வேலையிலிருந்து ஒரு கிழமை விடுமுறை கிடைத்திருக்கிறது. நாங்கள் நால்வரும் பனிச்சறுக்குக்குப் போகத் தீர்மானித்திருக்கிறோம். மகள் கிறின்டெல்வால்ட் என்ற மலையூருக்குத்தான் போக வேண்டும் என்கிறாள். எங்களைப் போல 40 வயதைத் தாண்டி முதற்தடவை பழகுபவர்களுக்கு அது ஏற்ற இடமா? பலகை, சப்பாத்து எல்லாவற்றையும் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? நான் இரண்டு இடங்களில் பகுதிநேரமாகச் சுத்திகரிப்பு வேலை செய்கிறேன். காலை முறித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்ற பயமும் உள்ளது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லித்தாருங்கள்.

மலைமுகடு எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் பதிவை வாசித்ததும் என்னுடைய முதலாவது குளிர்காலம் நினைவுக்கு வந்தது. மலை விடுதி ஒன்றின் சமையலறையில் வேலை செய்த காலத்தில், கூட வேலை செய்த நண்பர் தன்னுடைய பழைய பலகைகளை எனக்கு மாட்டிவிட்டு, நேரே மேலே கூட்டிக்கொண்டு போய், "என் பின்னால் வா" என்றார். அவர் அன்பினால்தான் அப்படிச் செய்தார். ஆனால் நடை பழகிய வயதிலேயே சறுக்கவும் பழகிய ஒருவருக்கு, பழகாத கால் எப்படித் தடுமாறும் என்பது தெரியாது. சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் பிணைப்பு அவருடைய எடைக்கு ஏற்ப இறுக்கப்பட்டிருந்ததால், நான் விழுந்தபோது பலகை கழலவில்லை. அதற்குப் பதிலாக என் முழங்கால் திருகிக்கொண்டது. ஆறு கிழமைகள் வேலைக்குப் போக முடியவில்லை. ஆகையால் நான் முதலில் சொல்ல விரும்புவது, எவ்வளவு நன்றாகச் சறுக்குபவராக இருந்தாலும் நண்பரிடமோ உறவினரிடமோ, ஏன் உங்கள் மகளிடமோகூட, முதல் நாளில் பழக வேண்டாம் என்பதுதான். ஸ்கீப் பாடசாலையில் பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் சேருங்கள்.

கிறின்டெல்வால்டைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே கிறின்டெல்வால்ட், வெங்கன் பக்கங்களைச் சேர்த்தால் 100 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட சறுக்குப்பாதைகள் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு அது சொர்க்கம். உங்களுக்கோ முதல் இரண்டு நாட்களும் இருநூறு மீற்றர் நீளமான, சாய்வு குறைந்த ஓர் இடம் போதும். ஊருக்குள்ளேயே போட்மி என்ற தொடக்கநிலைப் பகுதி அதற்காகவே இருக்கிறது. மகனையும் அங்கே சிறுவர் வகுப்பில் விடலாம். எனவே முழுப் பிரதேசத்திலும் கேபிள்கார், லிப்ட்களில் ஏறுவதற்கான ஆறு நாள் சீட்டை நால்வருக்கும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள். மகளுக்கு மட்டும் அதை வாங்கிவிட்டு, உங்களுக்குத் தேவைப்படும் நாளில் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பல இடங்களில் சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. முன்கூட்டியே இணையத்தில் வாங்குபவருக்கு மலிவாகக் கிடைக்கிறது. நான்காம் நாள் அளவில் கால் பிடிபட்டுவிட்டால், மென்லிகன் மலைப் பக்கத்து நீலப் பாதைகளில் மகளோடு சேர்ந்து இறங்கலாம். எதிரே ஐகர் மலை நிற்க, பிள்ளையின் பின்னால் மெதுவாக வளைந்து வளைந்து இறங்கும் அந்த அரை மணித்தியாலத்துக்காகவே இத்தனை சிரமத்தையும் படலாம்.

தங்குமிடத்தைப் பற்றியும் யோசித்துப் பாருங்கள். விடுமுறை வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் தருவார்கள். பெப்ரவரியில் விலையும் உச்சத்தில் இருக்கும். பேர்னிலிருந்து இன்டர்லாக்கன் வழியாகக் கிறின்டெல்வால்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம்தான். 2020 டிசெம்பரில் ஐகர் எக்ஸ்பிரஸ் என்ற கேபிள்கார் தொடங்கியதிலிருந்து, தொடருந்தை விட்டு இறங்கிய இடத்திலேயே அதில் ஏறிவிடலாம். என்னைக் கேட்டால், ஜனவரியில் ஒரு வார இறுதியில் வீட்டுக்குப் பக்கத்துச் சிறிய மலை ஒன்றில் முதற்பாடத்தை முடித்துவிட்டு, பெப்ரவரியில் அங்கே மூன்று அல்லது நான்கு இரவுகள் மட்டும் தங்குவதே நல்லது என்பேன்.

பனித்துகள் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்; வார இறுதிகளில் சிறுவர்களுக்குப் பனிச்சறுக்குக் கற்பிக்கிறேன். வகுப்பைப் பற்றி மலைமுகடு அண்ணா சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இடத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. கிறின்டெல்வால்ட் ஊர் 1,034 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. வெப்பமான பெப்ரவரி வந்தால், அந்த உயரத்தில் மத்தியானத்துக்குப் பிறகு பனி கஞ்சிபோலக் குழைந்துவிடும். குழைந்த பனியில் பலகையைத் திருப்புவது புதிதாகப் பழகுபவருக்கு மிகவும் கடினம். பலர் விழுவதும் மனம் தளர்வதும் அந்த நேரத்தில்தான். ஒப்வால்டன் மாநிலத்தில் உள்ள மெல்க்சே-ஃப்ருட் 1,920 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மேட்டுநிலமும் மென்மையான சரிவுகளும் உண்டு. முதற்தடவை குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். கிறின்டெல்வால்டுக்குத்தான் போவது என்றால், காலை வகுப்பையே தெரிவு செய்யுங்கள்.

பலகையும் சப்பாத்தும் உங்கள் இருவருக்கும் வாடகைக்குப் போதும். பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருப்பார்கள் என்பதால், அவர்களுக்குப் பருவம் முழுவதற்குமான வாடகையே இலாபம். இப்போதே கடைக்குப் போனால் சரியான அளவு கிடைக்கும். பலகை நாடி உயரத்துக்குச் சற்று மேலே வந்தால் போதும், நீளமான பலகைக்கு ஆசைப்பட வேண்டாம். சப்பாத்தில்தான் உண்மையான கவனம் தேவை. நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடக்கும்போது அது பின்வாங்க வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. தயவுசெய்து ஒன்று மட்டும் போடுங்கள். இரண்டு போட்டால் கால் இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, இன்னும் குளிரும். பிணைப்பைச் சரிசெய்வதற்காக எடை, உயரம், வயது, சறுக்கும் திறன் எல்லாம் கேட்பார்கள். வெட்கப்பட்டு எடையைக் குறைத்தோ திறனைக் கூட்டியோ சொல்லக்கூடாது; மலைமுகடு அண்ணாவின் முழங்காலுக்கு நடந்தது அதற்குச் சாட்சி.

வகுப்பில் முதலில் பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைக்கப் பழக்குவார்கள். சிறுவர்களுக்கு அதைப் "பீட்சா" என்றும், பலகைகளை இணையாக வைப்பதைப் "பொம் ஃபிறிற்" (உருளைக்கிழங்குப் பொரியல்) என்றும் சொல்லிக்கொடுப்போம். உங்கள் மகன் முதல் நாளே வீட்டில் அதை நடித்துக் காட்டுவான்.

வெண்சீருடை எழுதியது:

சகோதரியின் பயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். மருத்துவமனையில் வேலை செய்வதால் ஒவ்வொரு பெப்ரவரியிலும் இதைப் பார்க்கிறேன். கணவர் முழுநேர ஊழியர் என்பதால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் அவருடைய வேலையிடக் காப்புறுதி பொறுப்பு; மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தின் 80 வீதமும் கிடைக்கும். உங்கள் நிலைமைதான் வேறு. ஒரே முதலாளியிடம் கிழமைக்குக் குறைந்தது 8 மணித்தியாலம் வேலை செய்தால்தான் வேலைக்கு வெளியே நடக்கும் விபத்தும் அதில் அடங்கும். இரண்டு இடங்களிலும் ஐந்து ஐந்து மணித்தியாலம் என்றால், மொத்தம் பத்தாக இருந்தாலும் அடங்காது. எங்கள் பெண்கள் பலர் இப்படித்தான் வேலை செய்கிறார்கள், இதை அறியாமலும் இருக்கிறார்கள். உங்கள் மருத்துவக் காப்புறுதியில் விபத்துப் பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பத்திரத்தை எடுத்து இன்றே பாருங்கள். பிள்ளைகளுக்கு அது கட்டாயம் இருக்க வேண்டும்.

ஹெலிகொப்டர் மீட்புச் செலவிலும் கவனம் வேண்டும். அடிப்படை மருத்துவக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியைத்தான், அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங் வரைதான் தரும். றேகா என்ற வான்வழி மீட்பு அமைப்புக்கு ஆதரவாளராகக் குடும்பமாகச் சேர்வது சிறிய தொகைதான். நாங்கள் பல வருடங்களாகச் சேர்ந்திருக்கிறோம். அவர்களுடைய அவசர அழைப்பு இலக்கமான 1414ஐத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். வலே மாநிலத்தில் மட்டும் 144. தலைக்கவசம் இங்கே சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனாலும் நால்வருக்கும் வேண்டும்.

ஆரேக்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன்; எனக்கு விபத்துப் பகுதி சேர்க்கப்பட்டிருக்கவில்லை. நாளைக்கே எழுதுகிறேன். ஜனவரியில் பக்கத்து மலையில் இரண்டு நாள் வகுப்பு, பெப்ரவரியில் மெல்க்சே-ஃப்ருட்டில் மூன்று இரவு, கடைசி நாள் மகளுக்காகக் கிறின்டெல்வால்ட் என்று தீர்மானித்திருக்கிறோம். இன்னும் ஒரேயொரு கேள்வி. மகளுடைய தோழிகள் சிலர் பாதையை விட்டு வெளியே, யாரும் மிதிக்காத பனியில் சறுக்குகிறார்களாம். அவளும் கேட்கிறாள். அனுமதிக்கலாமா?

பனித்துகள் எழுதியது:

இந்த வயதில் தனியாக வேண்டாம் அக்கா. குறியிட்ட பாதைகளை மட்டும்தான் பனிச்சரிவிலிருந்து பாதுகாத்துத் தருகிறார்கள். பாதை ஓரத்து எல்லைக் கயிற்றைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும். டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அபாய அறிக்கை வெளியிடுகிறது. அபாயத்துக்கு மொத்தம் ஐந்து படிகள்; ஐந்தாவதுதான் மிக மோசம். மூன்றாம் படி நடுவில் இருப்பதால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்தப் படி அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் இறக்கிறார்கள். மகளை அந்த அறிக்கையைத் தினமும் வாசித்து உங்களுக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். இரண்டொரு வருடம் போனபின் வழிகாட்டியோடு, பனியில் புதைந்தவரைக் கண்டுபிடித்து மீட்க உதவும் தேடற்கருவி, மண்வெட்டி, துழாவுகோல் மூன்றையும் பயன்படுத்தப் பழகி அவள் போகட்டும்.