மினி ஆர்க்கிட் இலை கருப்பாகி விழுது, அவசரம்

புதுத்தொட்டி: வணக்கம். ஆன்லைன்ல ஒரு மினி ஆர்க்கிட் வாங்கி மூணு வாரம் ஆச்சு, வந்தப்ப ஆறு இலையும் ஒரு மொட்டும் இருந்துச்சு, இப்ப மொட்டு காஞ்சு போச்சு, இலை அடியில கருப்பாகி தொட்டாலே கையோட வருது, நாலு போயிடுச்சு. தண்ணி எல்லாம் கரெக்டாத்தான் விடுறேன். 850 ரூபா குடுத்தேன், வீட்டுக்காரர்கிட்ட 350ன்னு சொல்லி வச்சிருக்கேன். யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

மணப்பட்டை: கருப்பான இடத்துல பட்டைப் பொடி தூவுங்க, பிரியாணிக்குப் போடுற பட்டைதான். நான் அழுகலுக்கு அதான் போடுறேன்.

மேற்கு_பால்கனி: எந்த ஊரு? என்ன செடி? எதுல வச்சிருக்கீங்க?

மூத்தவேர்: 15 வருஷமா ஆர்க்கிட் வளர்க்கிறேன், "கரெக்டா தண்ணி விடுறேன்"னு சொல்லாம செடியக் கொன்ன ஒருத்தரையும் பாத்ததில்ல. மினி ஆர்க்கிட்னு தனியா ஒரு செடி கிடையாதும்மா. மினி ஃபெலனாப்சிஸும் மினிதான், நகம் அளவு இருக்குற லெபாந்தெஸும் மினிதான். பேரத் தெரிஞ்சுகிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.

புதுத்தொட்டி: சாரி சார். சென்னை, மடிப்பாக்கம். லேபிள்ல மஸ்டெ-ன்னு ஆரம்பிக்குது, மீதி ஈரத்துல அழிஞ்சிடுச்சு. விக்கிறவங்க போட்ட படத்துல பூவுக்கு மூணு வால் இருந்துச்சு. ஸ்பாக்னம் பாசியோட வந்துச்சு, அப்படியே மூடி போட்ட கண்ணாடி ஜாடியில வச்சிட்டேன்.

போர்வெல்_பாதிப்பு: தண்ணிதான் காரணம், சந்தேகமே வேணாம். எங்க வீட்டு போர் தண்ணி டிடிஎஸ், அதான் தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு அளவு, 1200, இந்த மாதிரி செடிக்கு 100க்குள்ள இருந்தாத்தான் தாங்கும். ஏசில இருந்து சொட்டுற தண்ணிய பக்கெட்ல பிடிச்சு விடுங்க, நான் அதான் பண்றேன்.

மணப்பட்டை: ஏசி தண்ணியா? காப்பர் காயில்ல பட்டு வர்ற தண்ணி அது. அந்த ட்ரேல இருக்குற வழுவழுப்ப என்னைக்காவது விரல் விட்டுப் பாத்திருக்கீங்களா?

போர்வெல்_பாதிப்பு: மூணு வருஷமா விடுறேன் ப்ரோ, ஒண்ணும் ஆகல. வேர்ல பட்டையப் போட்டு காய வைக்கிறத விட இது தேவல.

மணப்பட்டை: வேர்ல போடச் சொன்னேனா? வெட்டின இடத்துலன்னு சொல்லணுமா அதையும்?

மூத்தவேர்: நீங்க முதல்ல வெட்டச் சொல்லவே இல்ல. ரெண்டு பேரும் மழைத்தண்ணி பிடிங்க, பிரச்சனை முடிஞ்சுது.

போர்வெல்_பாதிப்பு: மே மாசம் மடிப்பாக்கத்துல மழைத்தண்ணியா சார்? குடிக்கிறதுக்கே லாரி வருது.

மேற்கு_பால்கனி: தண்ணிய விடுங்கப்பா கொஞ்சம். மேடம், இது மஸ்டெவாலியா மாதிரி இருக்கு. ஆண்டீஸ் மலையில மேகம் மோதுற காட்டுச் செடி, ராத்திரி 10ல இருந்து 15 டிகிரி வரைக்கும் கேக்கும். இதுக்கு தண்ணி சேத்து வைக்க குமிழ் மாதிரி தண்டும் கிடையாது, அதனால காயவும் விட முடியாது, சூட்டுல நனைஞ்சே இருந்தா அடி அழுகிடும். சூடு தாங்கலன்னா இலைய உதிர்க்கும். நமக்கு இப்ப ராத்திரியும் 28க்குக் கீழ இறங்க மாட்டேங்குது. அந்த ஜாடி எங்க இருக்கு?

புதுத்தொட்டி: ஃப்ரிட்ஜ் மேல. கூலா இருக்கும்னு.

மூத்தவேர்: ஃப்ரிட்ஜ் உள்ள இருக்குற சூட்டத்தானேம்மா வெளிய தள்ளுது. மேல கை வச்சுப் பாருங்க.

மேற்கு_பால்கனி: திட்டாதீங்க சார், நானும் ஒண்ண அப்படித்தான் சாகடிச்சேன். மேடம், ஜாடியத் திறந்து பாசிய எடுத்து ஒவ்வொரு வேரா விரலால லேசா அமுக்கிப் பாருங்க. வெறும் நார் மாதிரி தட்டுப்பட்டா செத்தது, வெட்டிடுங்க. கெட்டியா இருக்குறத விடுங்க. கத்தரிய நெருப்புல காட்டிட்டு கருப்பு போற வரைக்கும் வெட்டி, புதுப் பாசியில தளர்வா வைங்க, அழுத்தி அடைக்காதீங்க. ராத்திரி ஏசி போடுற ரூம்ல, மூடிய பாதி திறந்து, காத்து நேரா படாத இடமா வைங்க. மூடி இல்லாம விட்டா ஏசி காத்துல ஒரே நாள்ல வாடிடும். பொழைக்கும்னு சொல்ல முடியாது.

மணப்பட்டை: வெட்டின இடத்துல பட்டை.

போர்வெல்_பாதிப்பு: ஏசி ரூம்னா தண்ணியும் பக்கத்துலயே கிடைக்கும் 😄

மூத்தவேர்: சென்னைக்குன்னா டொலூம்னியா வாங்குங்க, இல்ல தைவான் செடி ஹராயெல்லா. சின்னதாவும் இருக்கும், சூட்டையும் ஓரளவு தாங்கும். அடுத்த தடவை கேட்டுட்டு வாங்குங்க.

புதுத்தொட்டி: வெட்டிட்டேன். கெட்டியா மூணு வேர் இருக்கு, ஒரு இலைதான் மிச்சம், இன்னொண்ணும் வெட்டுறப்ப வந்துடுச்சு. நாத்தனார் கொடைக்கானல்ல இருக்காங்க, ஞாயித்துக்கிழமை வர்றாங்க, குடுத்து விடலாம்னு இருக்கேன். ஜாடி பெட்ரூமுக்குப் போனதுல விலை வெளிய வந்துடுச்சு. நன்றி எல்லாருக்கும்.

மேற்கு_பால்கனி: கொடைக்கானல் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடுங்க.