சர்க்கரை நோயைப் பயிற்சியாளரிடம் மறைக்கச் சொல்கிறார் அப்பா: என்ன செய்வது?

அம்மாப்பேட்டைப் பெண்:
எனக்கு வயது 17. 800 மீட்டர் ஓடுகிறேன். மாலையில் காந்தி விளையாட்டரங்கில் பயிற்சி. போன வருடம் முதல் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து வேளை தவறாமல் இன்சுலின். தறி ஓட்டும் அப்பா, "வெளியே தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்? ஓடியது போதும்" என்கிறார். அம்மா என் பக்கம். அதனாலேயே தினமும் சண்டை. அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுத் தறிக்குப் போய்விடுகிறார். அத்தையோ ஒரு பொடியைக் கொண்டுவந்து, "ஒரு மண்டலம் சாப்பிடு, ஊசியே வேண்டாம்" என்கிறார். முந்தாநாள் கடைசிச் சுற்றில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்துக்கொண்டார் பயிற்சியாளர். ஓட்டத்தை விட எனக்கு மனமில்லை. அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

ஏற்காட்டு அண்ணன்:
தங்கச்சி, முதலில் அந்தப் பொடியை ஓரம் வை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதுதான் இந்த நோய். ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. அத்தை பாசத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் இதில் தாட்சண்யம் கூடாது.

எனக்கும் இதே நோய்தான். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் ஏறுகிறேன். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் கிளம்பமாட்டேன். உனக்கு அன்று வந்தது அநேகமாகத் தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துபோவது. நடுக்கம் வந்தால் உடனே நில். 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார். சர்க்கரை அளவு இன்னமும் 70-க்குக் கீழே என்றால் மறுபடியும் அதே அளவு. கடுமையாக ஓடிய நாளில் நள்ளிரவில், தூக்கத்தில்கூட இறங்கும்; பார்த்துவிட்டுப் படு. இன்சுலின் அளவை டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

பயிற்சியாளரிடம் நாளைக்கே சொல். நீ நினைவிழந்து விழுந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்பது மைதானத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆத்தூர் உடற்கல்வி ஆசிரியர்:
அண்ணன் சொல்வதே சரி. இன்னொன்றும் உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இன்சுலின் இருக்கிறது. நோய்க்காகப் போடுபவர்கள் மருத்துவச் சான்றுகளைக் காட்டி விலக்கு பெறலாம். தேசியப் போட்டி வரை போக நினைக்கிற பெண் இதை மறைத்து ஓட முடியாது. அப்பாவிடம் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரமைப் பற்றிச் சொல்லம்மா. 1997-இல் அவருக்கும் இதே நோய் என்று தெரிந்தது. 2003 உலகக் கோப்பையிலும் பந்து வீசினார்.

சூரமங்கலம் அம்மா:
என் மகனுக்கு எட்டு வயதில் வந்தது. ஊசி போடும் நேரம் பார்த்து அவன் அப்பா வாசலுக்குப் போய்விடுவார். கோபம் என்றே நினைத்திருந்தேன், பயம். ஒரு நாள் டாக்டர் அவர் கையிலேயே ஊசியைக் கொடுத்து, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்துப் போடச் சொன்னார். வியர்த்துவிட்டது அவருக்கு. இப்போது சர்க்கரை அளவை நோட்டில் எழுதுவதே அவர்தான். உன் அப்பாவையும் அடுத்த முறை டாக்டரிடம் அழைத்துப் போ கண்ணு. கல்யாணம், குழந்தை பற்றியெல்லாம் அவரே நேரில் கேட்கட்டும். அம்மாவைத் தூது விடாதே, நீயே கூப்பிடு.

அம்மாப்பேட்டைப் பெண்:
பயிற்சியாளரிடம் நாளை சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்பாவை இன்று இரவே கூப்பிடுகிறேன்.