குடும்பத்தின் ஒரே வண்டியாக மின்சாரக் கார் போதுமா?

கேள்வி (பொள்ளாச்சி): டீசல் காரைக் கொடுத்துவிட்டு மின்சாரக் கார் ஒன்றையே வைத்துக்கொள்ள எண்ணுகிறோம், நாள்தோறும் கோவைக்குச் சென்று திரும்ப வேண்டும், மாதம் ஒருமுறை அம்மாவை வால்பாறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மலை ஏறுமா?

பதில் 1: நன்றாக ஏறும். ஆழியாறுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் சார்ஜ் விரைவாகக் குறைந்தாலும், இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துவிடும். மேலே 100 சதவீதம் ஏற்றிவிட்டு மட்டும் இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரி அதை வாங்கிக்கொள்ளாது.

பதில் 2: வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட்தான் ஏறும், இரவு முழுவதும் செருகி வைத்தால் உங்கள் ஓட்டத்துக்குப் போதும். தோட்டத்து வீடென்றால் எர்த்தை முதலில் பாருங்கள். எங்கள் வீட்டில் எர்த் குழி காய்ந்து கிடந்ததால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிட்டது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகே ஏறியது. கிணற்று மோட்டாருக்கான இலவச மின்சாரத்தில் தயவுசெய்து காரைச் செருகாதீர்கள்.