‘ஆழ்கடல் எரிமலை’ வேண்டாம், ‘எரிமலைப்பார்’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

கடலுக்கு அடியில் இருக்கும் எரிமலையைக் குறிக்கும் ‘சப்மரைன் வல்கனோ’ என்பதற்கு ‘ஆழ்கடல் எரிமலை’ என்று முடிவுசெய்து கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என எழுதியிருந்தீர்கள். சற்றுப் பொறுங்கள். அந்த ‘ஆழ்’ என்னும் முன்னொட்டு ஆபத்து இல்லாத இடத்தைக் காட்டுகிறது.

காய்ந்த எண்ணெயில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். எரிமலையின் பாறைக்குழம்பைக் கடல்நீர் தொட்டாலும் அதுதான். ஆவியாகும் நீர் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. ஆனால் 2,000 மீட்டர் ஆழத்தில் அதன்மேல் 200 மடங்கு காற்றழுத்தத்துக்குச் சமமான சுமை அழுத்துகிறது; விரிய வழியில்லை. அதனால் அங்கே பாறைக்குழம்பு பெரும்பாலும் அமைதியாக வழிந்து, தலையணைகளை அடுக்கியதுபோல் உறைந்துவிடுகிறது. உலகின் எரிமலைச் செயல்பாட்டில் மிகுதியும் இப்படித்தான், எவருக்கும் தெரியாமல் நடக்கிறது. தீவு மக்களை அழிப்பவை மேலே, சில நூறு மீட்டருக்குள் வாய் திறந்திருப்பவை.

2022 ஜனவரி 15 அன்று பசிபிக் தீவு நாடான டோங்காவில் வெடித்த ஹுங்கா எரிமலை அத்தகையது. சாம்பல் தூண் 57 கிலோமீட்டர் உயரம் எழுந்தது. மாங்கோ என்னும் சிறு தீவின் குடியிருப்பை அலை துடைத்துவிட்டது. கடலடியில் பாய்ந்த சாம்பல், கற்களின் வெள்ளம் நாட்டை வெளியுலகோடு இணைத்த ஒரே கடலடிக் கம்பிவடத்தை அறுத்தது. அதைச் சீர்செய்ய ஐந்து வாரம் ஆனது. என்னை அதிகம் உலுக்கியது தண்ணீர்தான். கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பவர்கள் அவர்கள். அந்தக் கூரைகளின்மேல் சாம்பல் படிந்தது. சுற்றிலும் கடல், தொட்டியிலும் சாம்பல்.

1952இல் ஜப்பானின் மியோஜின்ஷோ என்னும் கடலடி எரிமலையை ஆராயப்போன ஐந்தாம் கையோ மாரு கப்பல் வெடிப்பில் சிக்கி, அதிலிருந்த 31 பேரும் இறந்தார்கள். அதுவும் நீர்மட்டத்தை ஒட்டி நின்ற எரிமலைதான்.

ஆகவே பொதுச்சொல்லாகக் ‘கடலடி எரிமலை’ இருக்கட்டும். ஆழம் குறைந்த, கொல்லும் வகைக்குத் தனிச்சொல் வேண்டும். அதற்கு ‘எரிமலைப்பார்’ என்பதை முன்வைக்கிறேன். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த இடங்களை முத்துப்பார் என்றார்கள். நீருக்குள் மறைந்திருந்தாலும் மேலிருந்து எட்டிவிடக்கூடிய திட்டு அது. ‘பார்’ என்று கேட்டதும் கடலோடிக்கு அது பக்கத்தில் இருக்கிறது என்று புரியும். ‘ஆழ்கடல்’ என்றால், எங்கோ தொலைவில் நடப்பது என்றே அவர் நினைப்பார். டோங்காவிலேயே ஓர் எரிமலையின் பெயர் ஹோம் ரீஃப், இன்னொன்றின் பெயர் மெட்டிஸ் ஷோல். ‘ரீஃப்’, ‘ஷோல்’ இரண்டுமே நீருக்குள் மறைந்த திட்டைக் குறிப்பவை, நம் பாரைப் போல.

‘பார்’ என்றால் உலகம் என்றும் பொருள் உண்டே என்று கேட்கலாம். தனித்து நின்றால் குழப்பம்தான். ‘முத்துப்பார்’ என்பதை முத்து உலகம் என்று யாரும் படிப்பதில்லை. பார் அசைவற்ற திட்டு, எரிமலை அப்படியன்று என்னும் ஆட்சேபம் இதைவிட வலுவானது. அதற்காகவே ‘எரிமலை’யை முன்னால் விடாமல் வைத்திருக்கிறேன்.

எரிமலை பொங்குவதைக் குறிக்கும் ‘எரப்ஷன்’ பற்றி ஒரு வரி. பித்தவெடிப்பும் வெடிப்பு, குண்டுவெடிப்பும் வெடிப்பு என்பதால் அச்சொல்லை எல்லாவற்றுக்கும் போடவேண்டாம். ஆழத்தில் வழிவதற்கு ‘உமிழ்வு’, பாரில் நடப்பதற்கு ‘வெடிப்பு’ எனப் பிரித்தால் போதும்.

மன்னார், தூத்துக்குடி, இராமேசுவரம் கரைகளில் பிறந்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். நீர்மட்டத்துக்குக் கீழே நுனி மறைந்து நிற்கும் பாறைக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு சொல் வழங்கினால் கேட்டு எழுதுங்கள். அது ‘பாரை’விடப் பொருந்தினால் என் சொல்லை விட்டுவிடுகிறேன். அதுவரை ‘ஆழ்கடல் எரிமலை’யைப் பட்டியலில் ஏற்றவேண்டாம்.