கவின்ட ரிப்போர்ட்

குழு: பெத்தா வீட்டுப் பிள்ளையள்

தேவி அக்கா, இரவு 7.12
[படம்]
கவின்ட அலர்ஜி இரத்த ரிப்போர்ட் வந்திட்டு. கிவி 1.8, வாழைப்பழம் 6.2. பாத்த உடன எனக்கு நெஞ்சு திக்கெண்டு போச்சு. இவன் நாளும் பொழுதும் கதலிப்பழத்தோடதானே திரியிறான். குலையத் தூக்கிப் பக்கத்து வீட்ட குடுத்திட்டன்.

ரவி மாமா, 7.15
நல்ல வேல செய்தாய் புள்ள. கிவி 1.8தானே, சின்னக் கணக்கு. மறுகா கொஞ்சம் குடுத்துப் பாக்கலாம்.

தேவி அக்கா, 7.16
நானும் அப்பிடித்தான் நினைச்சன் மாமா. அண்டைக்குக் கேக்கோட கிவி திண்டும் வாய் மட்டும்தான் அரிச்சுக் கடிச்ச.

பெத்தா, 7.21 (குரல் பதிவு)
மனே, நாக்கில கொஞ்சம் கொஞ்சமாத் தடவித் தடவிக் குடுத்தா பழகிரும். உங்கட மூத்தப்பாக்கும் றால் ஒத்துக்கொள்ளாமத்தான் இருந்த. நான் பழக்கினன்.

நான், 7.40
ஆரும் ஒண்டும் குடுக்க வேணாம். இப்பதான் டியூட்டி முடிஞ்சு பஸ் ஏறினன். கல்முனை தாண்டுற வரைக்கும் எழுதிறன், பொறுமையா வாசிங்க.

நான், 7.46
அக்கா, அந்த இலக்கத்த ரெண்டு பேரும் தலைகீழா வாசிச்சிருக்கிங்க. கவின்ட இரத்தத்தில அந்தப் பழத்துக்கு எதிரான ஐஜிஈ, அதான் அலர்ஜியக் கிளப்பிற எதிர்ப்புப் பொருள், எவ்வளவு கிடக்கு எண்டுதான் அது சொல்லுது. 0.35க்கு மேல எண்டா "இரிக்கு" எண்டு எழுதுவாங்க. இலக்கம் கூடக் கூட, திண்டா ஏதும் வரலாம் எண்ட சாத்தியம் கூடும். வந்தா எவ்வளவு கடுமையா வரும் எண்டு அது சொல்லாது. கையில குத்திப் பாக்கிற பரிசோதனையும் அப்பிடித்தான். தடிப்பு பெரிசா வந்தா வருத்தமும் பெரிசா வரும் எண்டு இல்ல.

நான், 7.48
கதலிப்பழம் திண்டு இவனுக்கு எப்பயாவது வாய் கடிச்சிருக்கா?

தேவி அக்கா, 7.49
ஒரு நாளும் இல்ல.

நான், 7.50
அப்ப 6.2 கிடந்தாலும் வாழைப்பழம் அவனுக்கு ஒத்துக்கொள்ளுது. உடம்பு ஆளை அடையாளம் கண்டு வைச்சிருக்கு, சண்டைக்குப் போகல்ல. கிளினிக்கில டொக்டரிட்ட காட்டுங்க, அதுக்காக இண்டைக்கே நிப்பாட்டத் தேவையில்ல. 1.8 எண்டு நீங்க லேசா எடுக்கிற கிவிதான் எனக்குப் பயம்.

ரவி மாமா, 7.52
போன தரம் லேசாத்தானே வந்த. அடுத்த தரமும் அவ்வளவுதானே வரும்?

நான், 7.55
அத நம்பி ஆரும் ஒரு துண்டும் குடுக்கப்படாது மாமா. போன தரம் வாய் கடியோட நிண்டவங்க அடுத்த தரம் மூச்சு எடுக்க ஏலாமக் கிடந்திருக்காங்க. எவ்வளவு திண்டான், திண்ட கையோட ஓடினானா, தடிமல் காய்ச்சல் இருந்ததா, புரூஃபன் மாதிரி நோக்குளிசை போட்டானா, வளர்ந்த ஆக்கள் எண்டா மது குடிச்சாங்களா, இதெல்லாம் சேர்ந்துதான் அண்டைய கடுமையத் தீர்மானிக்கும். அதே பழம், அதே பிள்ள, வேற நாள் எண்டா வேற மாதிரி.

நான், 7.57
அக்கா, அண்டைக்கு என்ன நடந்த எண்டு ஒண்டு விடாமச் சொல்லுங்க. இருமினானா?

தேவி அக்கா, 8.02
ரெண்டு மூண்டு தரம் இருமினான். கேக் புரைக்கேறின எண்டு நினைச்சன்.

கவின், 8.04
சின்னம்மா, கழுத்தில நாலு தடிப்பும் வந்த. அம்மாட்ட சொல்லல்ல. மறுகா கிரிக்கெட் விளையாடப் போன நாங்க. ஓடக்குள்ள நெஞ்சு இறுகின. இழுப்புக்கு அடிக்கிற நீலப் பம்ப் ரெண்டு தரம் அடிச்ச பிறகுதான் சரி.

தேவி அக்கா, 8.05
ஏன் மனே எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல?

நான், 8.06
ஏசாதிங்க அக்கா. இப்ப சொன்னானே, அதுதான் பெரிய உதவி. கவின், இழுப்பு வராமத் தினமும் எடுக்கிற பிரவுண் பம்ப் ஒழுங்கா எடுக்கிறியா?

கவின், 8.07
முடிஞ்சு ரெண்டு மாசம். இழுப்பு இல்லத்தானே எண்டு விட்டுட்டன்.

நான், 8.12
இதத்தான் நான் பயந்த. வாயோட நிக்கிறது ஒரு கதை. தோலில தடிப்பும் வந்து நெஞ்சும் இறுகினா அது வேற கதை. அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேணும். ஆஸ்துமா கட்டுப்பாட்டில இல்லாத பிள்ளைக்குத்தான் அலர்ஜி நெஞ்சைப் பிடிச்சா ஆபத்து கூட. ரிப்போர்ட்டில உள்ள 1.8ஐ எங்களால மாத்த ஏலா. பிரவுண் பம்ப் எடுக்காம விட்டத மாத்தலாம். நாளைக்கே வாங்கி, முந்தி எழுதித் தந்த அளவில தொடங்குங்க. கிளினிக் திகதியையும் முன்னுக்கு எடுங்க.

அம்மா, 8.15
கிவி ஜாம் குடுக்கலாமா மகள்? சூடாக்கினா போயிரும் எண்டு எங்கயோ பாத்த.

நான், 8.21
குடுக்க வேணாம் அம்மா. நீங்க பாத்ததில பாதி உண்மை. ஒரு பழத்துக்குள்ள பல புரதம் இரிக்கு. சிலது சூட்டில குலையும், வயித்துக்குப் போனாலும் நிக்காது. வாயோட மட்டும் நிக்கிற கடி பெரும்பாலும் அதால வாற. இன்னும் சிலது சூட்டுக்கும் அசையாது, வயித்து அமிலத்துக்கும் அசையாது. பீச் பழத்தில அது தோலிலதான் கூட இரிக்கும். முழுசா உள்ள போய் உடம்பெல்லாம் கிளப்பும். வட ஐரோப்பாவில பேர்ச் மரத்துப் பூந்தூள் ஒத்துக்கொள்ளாத ஆக்கள் அப்பிள் திண்டா அனேகமா வாய்தான் கடிக்கும். ஸ்பெயின், இத்தாலிப் பக்கம் பீச் திண்டு மயங்கி விழுற ஆக்களும் இரிக்காங்க. எந்தப் புரதத்துக்கு எண்டு பிரிச்சுப் பாக்கிற பரிசோதனையும் இரிக்கு. அதுவும் துப்புத்தான் தரும், சத்தியம் பண்ணித் தராது.

நான், 8.23
பெத்தா, உங்கள எதிர்த்துக் கதைக்கிறன் எண்டு நினைக்காதிங்க. கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கிற வைத்தியம் சில சாப்பாட்டுக்கு உண்மையா இரிக்கு. ஆனா அது ஊசியும் ஒட்சிசனும் பக்கத்தில வைச்சுக்கொண்டு ஆஸ்பத்திரியில செய்யிற வேல. வீட்டுக் குசினியில நாக்கில தடவிச் செய்ய ஏலா.

பெத்தா, 8.26 (குரல் பதிவு)
நீ சொன்னாச் சரி மகள். நான் தொடமாட்டன்.

ரவி மாமா, 8.28
எனக்கும் மாங்காய் ஆஞ்சா வாயச் சுத்திக் கொப்பளம் போடுது. அதும் இதானா?

நான், 8.31
அது வேற மாமா. மாங்காய்ப் பால் தோலில பட்டு ஒண்டு ரெண்டு நாளால வாற புண் அது. கஜுக்கொட்டைத் தோட்டு எண்ணெயிலயும் அதே மாதிரிப் பொருள்தான், ரெண்டு மரமும் ஒரே குடும்பம். ஆய்ஞ்சு கழுவித் தோல் சீவித் தந்தா பெரும்பாலும் பிரச்சினை வராது. கவின்ட நிமிசக் கணக்கில வந்த.

நான், 8.33
கவின், இன்னொண்டு. அண்டைக்கு பலூன் ஆர் ஊதின?

கவின், 8.34
நான்தான். முப்பது பலூன். சொண்டு வீங்கி ஒரு மாதிரிப் போச்சு. எறும்பு கடிச்ச எண்டு அம்மா சொன்னா.

நான், 8.38
கேக்கு முன்னமா பின்னமா?

கவின், 8.38
முன்னம். கிவி வெட்டவே இல்ல அப்ப.

நான், 8.44
அக்கா, இதக் கட்டாயம் கிளினிக்கில சொல்லுங்க. றப்பர்ப் பாலில உள்ள புரதமும் கிவி, வாழை, அவகாடோ, பப்பாசி இதுகளில உள்ள புரதமும் ஒண்டுக்கொண்டு சொந்தம் மாதிரி. றப்பர் ஒத்துக்கொள்ளாத ஆக்கள் சிலருக்கு இந்தப் பழங்களும் ஒத்துக்கொள்ளாது. வாழைப்பழத்துக்கு 6.2 வந்ததுக்கும் அதுவே காரணமா இரிக்கலாம். பல்லுக் காட்டப் போனாலும், ஒப்பரேசன் எண்டாலும், "றப்பர் குளோவ்ஸ் ஒத்துக்கொள்ளுதோ தெரியல்ல" எண்டு முதல்ல சொல்லிப் போடுங்க. பலூன் இனி வேணாம் மனே.

தேவி அக்கா, 8.47
எனக்குக் கை நடுங்குது. திருப்பி வந்தா என்ன செய்யிற? கொக்கட்டிச்சோலையில இருந்து பெரியாஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம்.

நான், 8.55
பயப்படாதிங்க, முந்தி மாதிரி மண்முனையில பாதைப் படகுக்குக் காத்து நிக்கிற காலம் இல்ல. பாலம் இரிக்கு. வாய் கடி மட்டும் எண்டா பிரிட்டன் எண்ட அலர்ஜிக் குளிசை, பக்கத்தில ஆள் இரிந்து பாக்கிற. இருமல், குரல் அடைப்பு, இழுப்பு, திருப்பித் திருப்பிச் சத்தி, தலைசுத்து, இதில ஒண்டு வந்தாலும் பிரிட்டனக் குடுத்திட்டுக் காத்து நிக்கப்படாது. உடன 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க, காசு இல்ல. கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போற. அவனுக்குத் தேவை அட்ரினலின் ஊசி, தொடையின்ட வெளிப்பக்கத் தசையில. அம்புலன்ஸ் வரும்வரைக்கும் காலத் தூக்கிப் படுக்க வையுங்க. மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டா இருக்க விடுங்க. நடக்க விடாதிங்க, எழும்பி நிண்டா இரத்த அழுத்தம் சடாரெண்டு விழும். ஊசி போட்டுச் சுகமானாலும் உடன கூட்டிக்கொண்டு வராதிங்க. சில மணித்தியாலத்தால திருப்பி வரலாம்.

கவின், 8.57
சின்னம்மா, இத ஒரு பேப்பரில எழுதி பேக் முன் பொக்கட்டில வைக்கட்டா? கிளாஸ் சேருக்கும் ஒண்டு.

நான், 8.58
எழுது. நாளைக்கு எனக்கு ஃபோட்டோ அனுப்பு, திருத்தித் தாறன்.

ரவி மாமா, 9.20
பாமசி பூட்டு முன்னம் ஓடிப் போனன். பிரவுண் பம்ப் கையில. காலையில கொண்டு வாறன் தேவி.

தேவி அக்கா, 9.31
குலையும் திரும்பி வந்திட்டு. ஒரு சீப்ப அவங்கட புள்ளைக்கே விட்டுட்டன். கவின் ரெண்டு பழம் திண்டிட்டுப் படுத்திட்டான். இருமல் இல்ல.