ஜப்பானிய மொழியில் கதை எழுதும்போது கத்தகானா எழுத்துமுறை பிடிபட்ட தருணம்: உங்கள் அனுபவம்?

மழைக்குருவி:
ஜப்பானிய மொழி வகுப்பில் ஒரு பக்கக் கதை எழுதச் சொன்னார்கள். என் கதையில் ஒரு பாட்டி பேரனுக்குக் கடிதம் போடுகிறாள். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் படித்தது கத்தகானாதானே, 1933 பாடப்புத்தகம் சகுரா பூத்ததைச் சொல்லித் தொடங்குவதும் அதில்தான். அதனால் கிட்டத்தட்ட கடிதம் முழுக்க அதிலேயே எழுதினேன். கடகடவென்று வாசித்துக்கொண்டு வந்த சென்செய் (ஆசிரியர்), கடிதம் வந்ததும் குரலை இறக்கி, எழுத்தெழுத்தாக வாசித்தார். பாட்டியின் வயதை நான் எங்கேயும் எழுதவில்லை.

கடலோரம்:
எனக்கு ஹிரோஷிமா. காஞ்சியில், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்தில் எழுதினால் ட்ராம் ஓடுகிற, ஒகோனோமியாக்கி அடை மணக்கிற ஊர். கத்தகானாவில் எழுதினால் 1945 ஆகஸ்ட் 6. தாத்தாவும் பேத்தியும் ட்ராமில் போகிற கதை. பேத்தி சொல்லும்போது காஞ்சி, தாத்தா சொல்லும்போது கத்தகானா. வாய்விட்டு வாசித்தால் இரண்டும் ஒன்றுதான். படித்துக்கொண்டிருந்த ஜப்பானியத் தோழி தாத்தாவின் வரியில் விரலை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

நிழல்மரம்:
மழைக்குருவி, கடிதம் முழுக்க என்பதுதான் இடிக்கிறது. கத்தகானாவுக்கு அப்புறம் அதே பள்ளியில் இன்னொரு எழுத்துமுறையான ஹிரகானாவும் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவள் என்றால் சரி.

என் கதையைக் காகம் சொல்லும். மனிதனைக் குறிக்கும் 'ஹிதோ'வைக் கத்தகானாவில் எழுதினேன், உயிரியல் புத்தகத்தில் இனப்பெயர் எழுதுகிற மாதிரி. அந்த ஒரு சொல்லிலேயே காகம் நம்மை எட்ட நின்று பார்க்கிறது.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காப்பி, பஸ் என்று கத்தகானாவில் எழுதுகிற கடன்சொல் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். ஒரே பத்தியை இரண்டு தடவை எழுதிப் பாருங்கள். கதவு 'பத்தான்' என்று அறைவதைக் கத்தகானாவில் எழுதினால் சத்தம் காதில் விழும், ஹிரகானாவில் அதே கதவு மெத்தென்று சாத்தும். ரோபோவும் வேற்றுக்கிரகவாசியும் கத்தகானாவில் பேசுவது மங்கா படக்கதைகளில் சகஜம். ஆனால் உங்கள் கதையில் வருகிற வெளிநாட்டுக்காரரை அப்படிப் பேசவைக்குமுன் யோசியுங்கள். அவர் ஜப்பானிய மொழியைத் திக்கித் திணறிப் பேசுகிறார் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். பக்கம் முழுக்கத் தூவவும் வேண்டாம், கண் வலிக்கும்.

மழைக்குருவி:
நிழல்மரம், நன்றாகப் படித்தவர்களும் எழுதியிருக்கிறார்களே! கவிஞர் மியாசாவா கென்ஜி 1931-ல் நோயில் கிடந்தபோது குறிப்பேட்டில் எழுதிய மழைக் கவிதை கத்தகானாவும் கொஞ்சம் காஞ்சியும்தான். பாட்டி பள்ளியைப் பாதியில் விட்டவள்தான். கடிதத்தில் அவள் காஞ்சியில் எழுதியது பேரனின் பெயரை மட்டும்.